சுவரில் ஒரு காலண்டர், கையில் ஒரு பென்சில்!

நல்ல பழக்கத்துக்கு வீட்டுச் சாமான்களே துணை

புது வருஷம் பிறந்தால் போதும். வீட்டுக்கு வீடு சபதம்தான்!

"நாளை முதல் விடியற்காலையில் எழுந்து நடக்கப் போகிறேன்" என்கிறார் அப்பா.

"இனி வரவு செலவுக் கணக்கு எழுதாமல் படுக்கப் போவதில்லை" என்கிறாள் அம்மா.

"தினமும் ஒரு மணி நேரம் கணக்குப் போடுவேன்" என்கிறான் பையன்.

பொங்கல் வருகிறது. கரும்பு தின்று முடிகிறது. சக்கையோடு சேர்ந்து சபதமும் குப்பைக்குப் போய்விடுகிறது!

"எனக்கு மன உறுதி இல்லை" என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே நொந்துகொள்கிறார்கள்.

மன உறுதி இல்லாததுதான் காரணமா?

பெரும்பாலும் அப்படி இல்லை. செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆனால், செய்ய வேண்டிய நேரத்தில் நினைவு வருவதில்லை. நேற்றுச் செய்தோமா, முந்தாநாள் செய்தோமா என்பதும் தெரிவதில்லை. நாலு நாள் விட்டுப் போன பிறகுதான், "அடடா!" என்று கையை உதறுகிறோம்.

மனிதனுக்கு மறதி உண்டு. சுவரில் தொங்கும் காலண்டருக்கு மறதி கிடையாது. நோட்டுப் புத்தகத்துக்கும் கிடையாது.

இந்தச் சின்ன உண்மையைப் புரிந்துகொண்டு, சாதாரணப் பொருள்களின் துணையால் பெரிய பழக்கங்களை உண்டாக்கிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஓர் அச்சுத் தொழிலாளி.

மெழுகுவத்திக்காரர் மகன்

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம். அங்கே சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றுப் பிழைத்தார் ஒருவர். அவருக்குப் பிள்ளைகள் மொத்தம் 17 பேர்!

அவருடைய ஆண் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை 1706-ம் ஆண்டு பிறந்தான். பத்து வயதோடு அவனுடைய பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு வயதில், அண்ணனுடைய அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பதினேழு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, பிலடெல்பியா நகருக்குப் போனான்.

அந்தச் சிறுவன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின்!

பின்னாளில் அவர் பெரிய அச்சுக்கூடத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். 1731-ல் பிலடெல்பியாவில் சந்தா கட்டிப் படிக்கும் நூல் நிலையம் ஒன்றை நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கினார். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று ஆராய்ந்து சொன்னார். 1776-ல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

பள்ளிக்கூடத்தை விட்ட பையன் இவ்வளவு தூரம் வந்தது எப்படி? அவருடைய அறிவு ஒரு காரணம். உழைப்பு ஒரு காரணம். அவரே பெருமையோடு சொன்ன இன்னொரு காரணமும் உண்டு.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்!

பதின்மூன்று குணங்கள்

பிராங்க்ளின் இருபதுகளில் இருந்த சமயம். "குற்றமே இல்லாத மனிதனாக வாழ வேண்டும்" என்று அவருக்கு ஓர் ஆசை பிறந்தது.

நல்லது எது, கெட்டது எது என்றுதான் நமக்குத் தெரியுமே, நல்லதை மட்டும் செய்தால் போயிற்று என்று நினைத்தார். செய்து பார்த்தபோதுதான் கஷ்டம் தெரிந்தது. ஒரு குற்றத்துக்குக் காவல் இருக்கும்போதே, இன்னொரு குற்றம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது!

வெறும் ஆசை போதாது என்று கண்டுகொண்டார். தமக்கு வேண்டிய குணங்களைப் பட்டியல் போட்டார்.

மிதமாக உண்ணுதல், வீண் பேச்சுப் பேசாமை, ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, கபடமின்மை, நீதி, நிதானம், சுத்தம், மன அமைதி, கற்பொழுக்கம் என்று 12 குணங்கள் வந்தன.

பட்டியலைப் பார்த்த நண்பர் ஒருவர் சிரிக்காமல் ஒரு விஷயம் சொன்னார். "உங்களைக் கர்வி என்றல்லவா ஊரில் பேசிக்கொள்கிறார்கள்!" என்பதுதான் அது.

பிராங்க்ளின் கோபித்துக்கொள்ளவில்லை. பதின்மூன்றாவதாக, "பணிவு" என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

கரும்புள்ளி

பிறகு ஒரு சிறு நோட்டை எடுத்தார். ஒரு குணத்துக்கு ஒரு பக்கம். பக்கம் முழுவதும் சிவப்பு மையால் கோடு போட்டார். வாரத்தின் ஏழு நாள்களுக்கு ஏழு பத்திகள். பதின்மூன்று குணங்களுக்கும் பதின்மூன்று வரிசைகள்.

ஒவ்வொரு நாள் இரவும் அன்றைய நடத்தையை யோசித்துப் பார்ப்பார். எந்தக் குணத்தில் தவறினாரோ, அந்தக் கட்டத்தில் கருப்பாக ஒரு புள்ளி!

பதின்மூன்றையும் ஒரே நாளில் சாதித்துவிட அவர் பார்க்கவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

ஒரு வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் முழுக் கவனம். அந்த வரிசையில் புள்ளி விழாமல் பார்த்துக்கொள்வார். அடுத்த வாரம் அடுத்த குணம். இப்படியே 13 வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஓர் ஆண்டில் நாலு சுற்று!

தோட்டக்காரன் ஒரே நாளில் தோட்டம் முழுவதும் களை எடுப்பதில்லை. ஒரு பாத்தியை முடித்துவிட்டுத்தான் அடுத்த பாத்திக்குப் போகிறான். அதைப் போலத்தான் இதுவும் என்று பிராங்க்ளினே சொன்னார்.

முதல் சில நாளிலேயே அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாம் நினைத்ததைவிடப் பல மடங்கு குற்றங்கள் தம்மிடம் இருப்பதை நோட்டு காட்டிவிட்டது! ஆனால், நாள் ஆக ஆகப் புள்ளிகள் குறைவதையும் அதே நோட்டு காட்டியது. அது அவருக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது.

ஒரு சுற்று முடிந்ததும் பழைய புள்ளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே கட்டத்தில் மறுபடியும் குறிப்பார். சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டது!

அதற்கும் ஒரு வழி செய்தார். யானைத் தந்தத்தில் செய்த மெல்லிய ஏடுகளில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டார். பென்சிலால் புள்ளி வைப்பார். ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவார். நம் வீட்டுப் பிள்ளைகளின் சிலேட்டைப் போல!

பிராங்க்ளின் ஜெயித்தாரா?

குற்றமே இல்லாத மனிதராக அவர் ஆகிவிட்டாரா?

இல்லை. அவரே ஒப்புக்கொண்டார்.

"ஒழுங்கு" என்ற குணம் கடைசி வரையில் அவருக்குத் தண்ணீர் காட்டியது. சாமான்களை அதனதன் இடத்தில் வைக்க அவரால் முடியவே இல்லை. பணிவும் முழுமையாக வந்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

நாளாக ஆக, ஆண்டுக்கு ஒரு சுற்று என்று குறைந்தது. பிறகு, பல ஆண்டுகளுக்கு ஒரு சுற்று ஆயிற்று. வெளிநாட்டுப் பிரயாணமும் வேலையும் பெருகியபோது, குறிப்பதே நின்றுவிட்டது. ஆனாலும், அந்தச் சின்ன நோட்டை மட்டும் அவர் எங்கே போனாலும் கூடவே கொண்டு போனார்.

தம் 79-வது வயதில், இந்தக் கதையை அவரே எழுதிவைத்தார். நினைத்த உயரத்தை எட்ட முடியவில்லை, ஆனாலும் முயற்சி செய்யாமல் இருந்தால் எப்படி இருந்திருப்பேனோ, அதைவிட நல்லவனாகவும் சந்தோஷமானவனாகவும் ஆனேன் என்பது அவர் கண்ட முடிவு.

நோட்டில் புள்ளி விழாத நாள் அபூர்வம். அதற்காக அவர் நோட்டைக் கிழித்து எறியவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்!

பல் விளக்கும்போது பாடம்

அமெரிக்க அச்சுக்காரரைப் போலவே, நம் நாட்டவர் ஒருவரும் காகிதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அவர் காந்தியடிகள்.

1888-ம் ஆண்டு, வக்கீல் படிப்புக்காக காந்தி லண்டனுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 18. பெரிய நகரம். கையிலோ அண்ணன் அனுப்பும் பணம்.

காந்தி ஒரு கணக்கு நோட்டுப் போட்டார். பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் எழுதினார். இரவில் கையிருப்பைச் சரி பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார்.

பணம் எந்த வழியாகப் போகிறது என்பதை நோட்டு காட்டிக்கொடுத்தது. வண்டிக் கூலியில் நிறையக் கரைவது தெரிந்தது. உடனே ஜாகையை மாற்றினார். போக வேண்டிய இடங்களுக்கு அரை மணியில் நடந்து போகும்படியான இடத்தில் அறை எடுத்தார். தினமும் எட்டு, பத்து மைல் நடந்தார்.

காசு மிச்சமாயிற்று. உடம்பும் நோய் நொடி இல்லாமல் இருந்தது. ஒரு நோட்டுப் புத்தகம் செய்த இரட்டை உபகாரம்!

அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பின்னாளில், லட்சக்கணக்கான பொதுப் பணம் அவருடைய பொறுப்பில் இருந்தது. அப்போதும் கணக்கில் கடன் நின்றதில்லை. மிச்சம்தான் இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அங்கே காந்தி வக்கீல் தொழில் செய்துகொண்டிருந்தார். கீதையை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால், நேரம் எங்கே இருக்கிறது?

யோசித்தார். காலையில் பல் விளக்க 15 நிமிஷம் ஆகிறது. குளிக்க 20 நிமிஷம் ஆகிறது. பல் விளக்கும்போது கைக்குத்தான் வேலை. கண்ணும் மனமும் சும்மாதானே இருக்கின்றன?

சுலோகங்களைக் காகிதத் துண்டில் எழுதினார். எதிரே இருந்த சுவரில் ஒட்டினார். பல் விளக்கிக்கொண்டே பார்ப்பார். நாளுக்கு ஒன்றிரண்டு சுலோகம். குளித்து முடிப்பதற்குள் அன்றைய பாடம் முடிந்துவிடும். படித்ததை ஒருமுறை திருப்பிச் சொல்லியும் பார்த்துவிடுவார்.

இப்படியே கீதையின் 18 அத்தியாயங்களில் 13 அத்தியாயங்கள் மனப்பாடம் ஆகிவிட்டன!

இதற்கென்று அவர் ஒரு நிமிஷம்கூடத் தனியாக ஒதுக்கவில்லை. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு புதிய காரியத்தை முடிச்சுப் போட்டுவிட்டார். அவ்வளவுதான்.

கூழாங்கல்லும் ஒரு கணக்கப்பிள்ளை

எழுதுவதற்குக் காகிதம் இல்லையா? கல் போதும்!

இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் டார்வின் 1842-ல் கெண்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் குடியேறினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய புகழ் பெற்ற நூல் 1859-ல் வெளிவந்தது. அந்த நூலுக்கான யோசனைகள் பலவும் அவர் மனத்தில் ஓடியது, வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒற்றையடிப் பாதையில்தான்.

தினமும் அந்தப் பாதையில் பல சுற்று நடப்பார். யோசனையில் ஆழ்ந்துவிட்டால், எத்தனை சுற்று என்பது மறந்துபோகும். அதற்காகப் பாதை ஓரத்தில் சில கற்களைக் குவித்து வைத்திருப்பார். ஒரு சுற்று முடிந்ததும், காலால் ஒரு கல்லைத் தள்ளிவிடுவார். கல் எண்ணிக்கொள்ளும். அவர் மனம் ஆராய்ச்சியில் இருக்கும்!

அடிகளை எண்ணும் யந்திரம்

டார்வின் சுற்றுகளைத்தான் எண்ணினார். ஜப்பானியர்கள் ஒவ்வோர் அடியையும் எண்ணக் கிளம்பினார்கள்.

1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டி நடந்தது. நாடு முழுவதும் தேகப் பயிற்சியில் ஆர்வம் பெருகியது. மறு ஆண்டு, 1965-ல், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று அங்கே விற்பனைக்கு வந்தது. நடக்கும் அடிகளை அது எண்ணிக் காட்டும். அதன் ஜப்பானியப் பெயருக்கு, "பத்தாயிரம் அடி அளக்கும் கருவி" என்று பொருள்.

அன்று பிறந்ததுதான் "தினம் பத்தாயிரம் அடி" என்ற பேச்சு. இன்றைக்குச் செல்போனும் கைக்கடிகாரமும் அதே எண்ணைக் காட்டுகின்றன.

பத்தாயிரம் என்பது டாக்டர்கள் ஆராய்ந்து சொன்ன எண் அல்ல. கருவியோடு வந்த எண்! பின்னாளில் இதை ஆராய்ந்தார்கள். சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்கள் சுமார் 16,700 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2019-ல் வெளியாயிற்று. தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடி நடந்தவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது. அடிகள் கூடக்கூட நன்மையும் கூடியது. சுமார் 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகையால், பத்தாயிரம் வரவில்லையே என்று வயதானவர்கள் கலங்க வேண்டாம். கருவி நமக்கு வேலைக்காரன். எஜமானன் அல்ல!

எத்தனை நாளில் பழக்கம் வரும்?

"21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கலாம். உண்மையா?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு அச்சாயிற்று. 96 பேர் சோதனையில் சேர்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்துகொண்டார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம் தின்பது, தண்ணீர் குடிப்பது, இரவுச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் ஓடுவது போன்ற சாதாரணக் காரியங்கள்தான். 12 வாரம் தினமும் குறித்து வந்தார்கள்.

யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலை வர எத்தனை நாள் ஆயிற்று?

நடுத்தரமாக 66 நாள்! சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. சிலருக்கோ 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது.

இருபத்தோராம் நாள் இன்னும் பழக்கம் வரவில்லையே என்று கையை விட்டவர்கள் எத்தனை பேரோ? அவர்களிடம் குறை இல்லை. அவசரம்தான் குறை!

இன்னொரு முடிவும் கிடைத்தது. அதுதான் மிகவும் ஆறுதலானது. நடுவே ஒரு நாள் தவறிவிட்டாலும், பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒரு நாள் விட்டுப் போனால், மறுநாள் தொடர்ந்தால் சரி.

பிராங்க்ளின் தம் புள்ளிகளைக் கண்டு நோட்டை எறியாமல் இருந்தாரே, அது எவ்வளவு சரி என்பதை இந்த ஆராய்ச்சி காட்டிவிட்டது.

உயிர் காக்கும் பழக்கம்

பழம் தின்ன மறந்தால் மோசம் இல்லை. மறந்தால் உயிருக்கே ஆபத்தான பழக்கமும் உண்டு. அதற்கு உதாரணம் தேடி லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் காசநோய் வந்தால், ஆரோக்கிய நிலையத்தில் படுக்க வேண்டும், ஓய்வும் சத்துள்ள சாப்பாடும் வேண்டும் என்று நினைத்தார்கள். ஏழைகள் எங்கே போவார்கள்?

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆரோக்கிய நிலையத்தில் வைத்தார்கள். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகமே வியந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணம் அடைந்திருந்தார்கள்!

ஆனால், மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். அதுதான் கஷ்டம். இருமல் நின்று உடம்பு தேறியதும், "இனி எதற்கு மாத்திரை?" என்று தோன்றிவிடும். அதனால், சென்னை ஊழியர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கே போய், மிச்சம் இருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள்.

இன்று சாதாரணக் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. பாதியில் விட்டால் நோய் திரும்பலாம். மருந்துக்கு மசியாத கிருமிகளும் உண்டாகலாம்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு காலண்டரும் பென்சிலும் செய்யும் உதவி பெரிது. மாத்திரையை விழுங்கியதும் அன்றைய தேதியில் ஒரு கோடு. கோடு இல்லையென்றால், வீட்டிலுள்ள யாராவது கேட்டுவிடுவார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். மாத்திரை தவறிவிட்டால், மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வது தப்பு. என்ன செய்வது என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீட்டிலேயே இருக்கிறது!

இதெல்லாம் பெரியவர்கள் கதை, நமக்குச் சரிப்படுமா என்று தாய்மார்கள் நினைக்கலாம். அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்!

மாதக் காலண்டரில் பால் கணக்குக் குறிக்கிறார்களே, அது என்ன? இன்று அரை லிட்டர், நாளை வேண்டாம் என்று தேதிக்குத் தேதி குறிக்கும் அதே கட்டத்தில், நடந்த நாளையும் படித்த நாளையும் குறிக்கலாம்.

மறக்கக் கூடாத காரியத்துக்கு முந்தானையில் முடிச்சுப் போட்டார்கள் பாட்டிமார்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. அடுப்பு மூட்டும் நேரம்தான் அதற்கு ஞாபக மணி. பல் விளக்கும்போது காந்தி சுலோகம் படித்ததும் இதே யுக்திதான்!

வீட்டில் செய்து பார்க்கச் சில வழிகள்:

காலண்டர்: ஒரு சமயத்தில் ஒரு பழக்கம் போதும். செய்த நாளில் ஒரு கோடு. பென்சிலைத் தேடும்படி வைக்கக் கூடாது. நூலில் கட்டிக் காலண்டர் பக்கத்திலேயே தொங்கவிட வேண்டும்.

கணக்கு நோட்டு: பெரிய நோட்டு வேண்டாம். சமையலறை அலமாரியில் வைக்கும் சிறிய நோட்டு போதும். செலவு செய்த அன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், காசு எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்பது தெரியும்.

உண்டியல்: சேமிப்பு என்பது மீந்ததைப் போடுவது அல்ல. சம்பளமோ கூலியோ கைக்கு வந்ததும் முதலில் போடுவது. பத்து ரூபாயானாலும் சரி. உண்டியல் நிறைந்ததும் பணம் தபாலாபீசுக்கோ பாங்கிக்கோ போக வேண்டும்.

கடிகாரம்: படிக்க உட்கார்ந்தால் எழுந்து ஓடும் பிள்ளைகளுக்கு இது உதவும். 1980-களில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு படித்தார். மணி அடிக்கும் வரை வேறு நினைவு கிடையாது. பிறகு சிறிது ஓய்வு. 25 நிமிஷப் படிப்பு, 5 நிமிஷ ஓய்வு என்ற அந்த முறைக்கு, இத்தாலிய மொழியில் "தக்காளி" என்றே பெயர் வந்துவிட்டது!

இடம்: எந்தப் பொருளும் கண்ணில் பட்டால்தான் வேலை செய்யும். பீரோவில் பூட்டிய புத்தகத்தை யாரும் படிப்பதில்லை. தலையணைப் பக்கத்தில் இருந்தால் இரண்டு பக்கமாவது படிப்பார்கள். நடைக்குப் போகும் செருப்பு வாசலில் இருக்கட்டும். செல்போன் மட்டும் படுக்கையை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்!

ஓர் எச்சரிக்கை

குறிப்பு நோட்டு நல்லதுதான். ஆனால், அதைத் தடியாக மாற்றிவிடக் கூடாது.

மனைவியின் செலவு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மல்லிகைப்பூவுக்கு ஏன் இருபது ரூபாய் என்று விசாரணை நடத்தினால், மறுநாளே கணக்கு எழுதுவது நின்றுவிடும். காலண்டரில் கோடு இல்லை என்று பையனை அடித்தால், படிக்காமலே கோடு போடக் கற்றுக்கொள்வான். நல்ல பழக்கம் வராது. பொய்தான் வரும்!

பிராங்க்ளின் கரும்புள்ளி வைத்தது தம்முடைய குற்றத்துக்கு மட்டுமே. பக்கத்து வீட்டுக்காரர் குற்றத்துக்கு அவர் நோட்டுப் போடவில்லை.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் முதலில் தங்கள் காலண்டரைத் தொடங்கட்டும். அப்பா நடந்த நாளுக்கு அப்பாவே கோடு போடட்டும். நடக்காத நாளில் கட்டத்தைக் காலியாகவே விடட்டும். அதைப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டு விஷயம் புரியும். பெரியவர்களும் தவறுவார்கள் என்பது ஒன்று. தவறினாலும் மறுநாள் மறுபடி தொடங்குவார்கள் என்பது மற்றொன்று.

நல்ல நாள் பார்க்க வேண்டாம். அடுத்த ஜனவரி வரையில் காத்திருக்கவும் வேண்டாம். கால் முழம் நூலும் ஒரு துண்டுப் பென்சிலும் எந்த வீட்டிலும் கிடைக்கும். இன்று மாலையே காலண்டர் ஆணியில் கட்டிவிடலாம்.

முதல் கோட்டை இன்று இரவே போடலாம்!